பக்கத்துக்கு எவ்வளவு?

வீட்டுக் கணினி: தொடர்

சென்ட்ரலுக்கு ரயிலில் வந்தவர்களுக்குப் பேசின் பிரிட்ஜ் என்றால் ஒன்றுதான் ஞாபகத்துக்கு வரும். பெட்டி படுக்கையோடு வாசலில் வந்து நின்ற பிறகு, சிக்னல் விழாமல் வண்டி நிற்கும் இடம். அந்த வண்டிகளைக் கழுவித் துடைத்துப் பழுது பார்க்கும் யார்டும் இங்கேதான். சில வருஷங்கள் முன்புவரை பெட்டிகளின் கதவோரம் முன்பதிவுப் பட்டியல் ஒட்டியிருப்பார்கள். புள்ளி புள்ளியாய் எழுத்து, மடிப்பு மடிப்பாய் நீளும் காகிதம். 2018 மார்ச்சில் பெரிய நிலையங்களில் அந்த வழக்கத்தையே ரயில்வே நிறுத்திவிட்டது.

பட்டியல் போனாலும் டாட் மேட்ரிக்ஸ் போகவில்லை. யார்டிலிருந்து வால்டாக்ஸ் ரோடு பக்கம் நடந்தால் லாரி புக்கிங் ஆபீஸ்களில் அது கரகரவென்று கத்துவது இன்னும் கேட்கும். சரக்கு ரசீது ஒன்றுக்கு மூன்று நான்கு பிரதி வேண்டும்: அனுப்புகிறவருக்கு ஒன்று, வாங்குகிறவருக்கு ஒன்று, டிரைவர் கையில் ஒன்று. ஊசி ரிப்பன்மேல் ஓங்கி அடித்தால்தான் அடியில் இருக்கும் தாளிலும் எழுத்து விழும். மை தெளிக்கிற பிரிண்டருக்கோ, பவுடரைச் சுட்டு ஒட்டுகிற பிரிண்டருக்கோ அந்த வித்தை வராது. நம் சென்னைக் கம்பெனியான டிவிஎஸ் எலக்ட்ரானிக்ஸின் எம்எஸ்பி வரிசை மிஷின்கள் இத்தனை காலம் ஓடுவதற்குக் காரணம் இதுதான். ஆனால் ஆபீஸ் காலி பண்ணும் யாராவது “சும்மா எடுத்துட்டுப் போப்பா” என்று பழைய டாட் மேட்ரிக்ஸைக் கொடுத்தால், வீட்டுக்குத் தூக்கி வராதீர்கள். ஒற்றை அறை வீட்டில் ராத்திரி பத்து மணிக்கு அதை ஓட்டினால் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார்.

வீட்டுக்கு எதை வாங்குவது? மூலகொத்தளம், புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டை பக்கம் பல வீடுகளுக்குள் முதலில் நுழைந்த கணினி அரசு கொடுத்த மடிக்கணினி. 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூரில் தொடங்கிய திட்டம் அது. மடிக்கணினி வந்தது, பிரிண்டர் வரவில்லை. பள்ளி புராஜெக்ட், ஹால் டிக்கெட், சாதிச் சான்றிதழ், வேலைக்குப் போடும் பயோடேட்டா என்று எதற்கும் தெருமுனை ஜெராக்ஸ் கடைதான். அங்கே ஒரு பிரிண்டுக்கு மூன்று ரூபாயோ ஐந்து ரூபாயோ கேட்பார்கள். கலர் என்றால் பத்து.

கடைக்குப் போனதும் பிரிண்டர் என்ன விலை என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். கேட்க வேண்டியது, ஒரு பக்கம் அடிக்க எவ்வளவு ஆகும் என்பது. மாதத்துக்கு எத்தனை பக்கம், எத்தனை நாளுக்கு ஒரு தடவை என்று அதற்கு முன்பே நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஷோரூமில் முதல் வரிசையில் அடுக்கியிருக்கும் மலிவான கார்ட்ரிட்ஜ் பிரிண்டரை எடுத்துக்கொள்வோம். ஹெச்பியின் 803 கருப்பு கார்ட்ரிட்ஜ் சுமார் 190 பக்கம் வரும் என்று கம்பெனியே சொல்கிறது. அதுவும் தாளில் கொஞ்சமாக மை செலவாகும் சோதனைப் பக்கத்தை வைத்துப் போட்ட கணக்கு. விலை ஆயிரத்தைத் தொட்டும் தொடாமலும் இருக்கும். வகுத்துப் பாருங்கள், பக்கத்துக்கு நான்கைந்து ரூபாய். அதாவது ஜெராக்ஸ் கடை விலை, தாள் உங்களுடையது! மிஷினை அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிட்டு மையில் சம்பாதிப்பதுதான் இந்த வியாபாரம். வேறு கம்பெனி மையை ஊற்றிவிடக் கூடாதே என்று கார்ட்ரிட்ஜில் சிப் வைப்பதும் அதற்காகத்தான். 2016 செப்டம்பரில் உலகம் முழுக்கப் பலருடைய ஹெச்பி ஆபீஸ்ஜெட் பிரிண்டர்கள் ஒரே நாளில் வெளிக் கம்பெனி கார்ட்ரிட்ஜை ஏற்க மறுத்த கூத்தும் நடந்தது.

இன்னொரு சிக்கல் நம் வெயில். மை பிரிண்டரின் தலையில் முடியைவிட மெல்லிய துளைகள் இருக்கின்றன. 1977-ல் ஜப்பானில் கேனான் ஆய்வுக்கூடத்தில், சூடான சால்டரிங் அயர்ன் தற்செயலாக மை நிரம்பிய ஊசியில் பட்டு மை பீய்ச்சியடித்தது. சூட்டில் உண்டாகும் குமிழி மையைத் தள்ளுகிறது என்ற யோசனை அங்கே பிறந்தது என்பார்கள். கேனானும் ஹெச்பியும் இன்றுவரை அந்த வழியில்தான் போகின்றன. அவ்வளவு சன்னமான துளையில் மை நின்றால், சித்திரை வெயிலில் ஒரு மாதம் தொடாமல் வைத்த பிரிண்டரில் என்ன மிஞ்சும்? அப்புறம் ‘கிளீனிங்’ என்ற பட்டனை அழுத்தி, இருக்கும் மையையும் ஓரத்துப் பஞ்சில் கொட்டித் தீர்க்க வேண்டியதுதான்.

டேங்க் பிரிண்டர் பணப் பிரச்சினையைத் தீர்த்தது, வெயில் பிரச்சினையைத் தீர்க்கவில்லை. ஆசிய நாடுகளில் கடைக்காரர்கள் பிரிண்டருக்கு வெளியே மை டப்பாவை வைத்து, டியூப் இழுத்து உள்ளே விட்டு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் எப்சன் 2010-ல் இந்தோனேசியாவில் தானே டேங்க் வைத்த பிரிண்டரை இறக்கியது. பிறகு இந்தியாவுக்கும் வந்தது, மற்ற கம்பெனிகளும் பின்னாலேயே வந்தன. எப்சனின் 003 கருப்பு பாட்டிலில் 65 மில்லி இருக்கிறது, 4,500 பக்கம் என்பது கம்பெனி கணக்கு. பக்கத்துக்குப் பத்து பைசா அளவுதான். வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேர், கலர் படம் ஒட்டுகிற புராஜெக்ட், வாரத்துக்கு ஒரு தடவையாவது பிரிண்ட் என்றால் கண்ணை மூடிக்கொண்டு டேங்க் பிரிண்டர் வாங்கலாம். வாரம் ஒரு கலர் பக்கம், ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு முருகர் படமாவது அடித்துவிடுங்கள்.

கலர் வேண்டாம், எப்போதாவதுதான் அடிப்போம் என்பவர்களுக்கு என் ஓட்டு கருப்பு வெள்ளை லேசருக்கு. பவுடர் காயாது. ஆறு மாதம் துணி போட்டு மூடி வைத்தாலும் ஸ்விட்ச் போட்டால் பக்கம் வரும். கேனான் எல்பிபி 2900, ஹெச்பி லேசர்ஜெட் 1020 இரண்டையும் இந்த ஊரில் ஜெராக்ஸ் கடை, வக்கீல் ஆபீஸ், துறைமுகம் பக்கத்து கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ் என்று எங்கேயும் பார்க்கலாம். பெயர் இரண்டானாலும் இரண்டும் அண்ணன் தம்பி. ஹெச்பியின் முதல் லேசர்ஜெட் 1984-ல் வந்தபோதே உள்ளே இருந்தது கேனான் எஞ்சின். அதனால் ரீஃபில்காரர்கள் இரண்டுக்கும் “12ஏ” என்று ஒரே பெயர் வைத்திருக்கிறார்கள்.

அந்த 12ஏ-யை ரீஃபில் பண்ணுவதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். பையன் ஓரத்து பின்னைத் தள்ளி, கார்ட்ரிட்ஜை இரண்டாகப் பிரிக்கிறான். பச்சையாய் மினுங்கும் டிரம்மை வெளிச்சம் படாமல் துணியில் சுற்றி ஓரமாய் வைக்கிறான். ஒரு பக்கத்திலிருந்து வேஸ்ட் பவுடரைத் தட்டிக் கொட்டுகிறான், மறுபக்கத்து மூடியைத் திறந்து புனல் வைத்துப் புதுப் பவுடரை ஊற்றுகிறான். மூக்கில் கர்ச்சீஃப் கட்டியிருக்க வேண்டும், பெரும்பாலும் கட்டுவதில்லை. பத்து பதினைந்து நிமிஷ வேலை, சில நூறு ரூபாய். கம்பெனி கணக்குப்படி 2,000 பக்கம் வரை போகும்.

“பவுடர் போட்டும் கருப்புப் புள்ளி வருதேப்பா?”

“அது டிரம்முண்ணே. கீறல் உழுந்துருக்கு. பவுடர் போட்டா போவாது.”

அவன் சொல்வது சரியா என்று ஸ்கேல் வைத்தே கண்டுபிடிக்கலாம். 12ஏ டிரம்மின் சுற்றளவு ஏழரை சென்டிமீட்டர். ஒரே புள்ளி ஏழரை சென்டிமீட்டருக்கு ஒரு தடவை, பக்கத்தில் மூன்று நான்கு இடத்தில் வந்தால் டிரம்தான். வேறு இடைவெளியில் வந்தால் வேறு ரோலர்.

இந்தப் பழைய மிஷின்களில் இரண்டு குறை உண்டு. வைஃபை கிடையாது, ஆகவே வாட்ஸ்அப்பில் வந்த பிடிஎஃப்பைப் போனிலிருந்து நேராக அடிக்க முடியாது. இரண்டாவது குறை லினக்ஸ்காரர்களுக்கு. ஆரம்பகால அரசு மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்தார்கள். அதைத் தயாரித்தது சி-டாக், அதுவும் நம் சென்னை மையத்தில். இன்னும் பாஸில் ஓட்டுகிறவர்களுக்கு கேனான் 2900-இன் டிரைவர் பெரிய தலைவலி. லினக்ஸ்காரர்கள் ஹெச்பி பக்கம் போவது நல்லது, ஹெச்பிலிப் என்ற இலவச மென்பொருளில் பெரும்பாலும் வழிக்கு வந்துவிடும். எந்த லேசராக இருந்தாலும் கணினி யுபிஎஸ்ஸில் செருகாதீர்கள். ஹீட்டர் சூடேறும் நொடியில் இழுக்கிற கரண்டை அந்தச் சின்ன யுபிஎஸ் தாங்காது.

தாளைப் பற்றி ஒரு வார்த்தை. கரூர் காகிதபுரத்தில் டிஎன்பிஎல் கரும்புச் சக்கையிலிருந்து செய்யும் ஏ4 தாள் வீட்டுக்குத் தாராளம், 70 அல்லது 75 ஜிஎஸ்எம் போதும். கடலோர ஈரத்தில் பிரித்துப் போட்ட தாள் ஓரம் சுருண்டு ஜாம் ஆகும். எடுத்த பிறகு கட்டின் உறையை மடித்து ரப்பர் பேண்ட் போட்டு வையுங்கள்.

மாதத்துக்குப் பத்துப் பதினைந்து பக்கம்தான் என்றால்? ஒன்றுமே வாங்காதீர்கள். ஐந்து ரூபாய் வீதம் மாதம் எழுபத்தைந்து ரூபாய், வருஷத்துக்குத் தொள்ளாயிரம். ஜெராக்ஸ் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருங்கள். நண்பர்கள் சிலர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அவர்கள் வீட்டுப் பரணில் காய்ந்த இங்க்ஜெட் ஒன்று இருக்கிறது.

வாங்குவது என்று முடிவானால் ரிச்சி ஸ்ட்ரீட். பேசின் பிரிட்ஜிலிருந்து மின்சார ரயிலில் சென்ட்ரல், அங்கிருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் நடை. பழைய லேசர் அங்கே புதிதின் விலையில் பாதிக்கும் குறைவாகக் கிடைக்கும். மடிக்கணினியைக் கையோடு கொண்டுபோய், உங்கள் கணினியிலிருந்தே இருபது பக்கம் விடாமல் அடிக்கச் சொல்லுங்கள். தாளை ஒவ்வொன்றாக இழுக்கிறதா, மூன்று தாளைச் சேர்த்து விழுங்குகிறதா என்று பாருங்கள். சேர்த்து இழுத்தால் ரோலரும் அதன் பேடும் தேய்ந்திருக்கின்றன. மாற்றிக் கொடு என்று கேட்கலாம், செலவு பெரிதில்லை. கடைசியாக வந்த பக்கத்தைக் கட்டை விரலால் அழுத்தித் தேயுங்கள். விரலில் கருப்பு ஒட்டினால் ஹீட்டர் சரியாகச் சூடேறவில்லை. அந்த மிஷினை வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.