மகன் வைத்துவிட்டுப் போன கேம் பெட்டி

2010ஆம் ஆண்டு செட்டிகுளம் முகாமிலிருந்து பதுளைக்கு வந்து இறங்கியபோது என் கையில் ஒரு பொலித்தீன் பை மட்டுமே இருந்தது. அதற்குள் அடையாள அட்டை, முகாமில் தந்த பதிவுத் துண்டு, மகளின் இரண்டு சட்டைகள். கல்யாணப் படம், பிள்ளைகளின் சிறு வயதுப் படங்கள், மகனின் பள்ளிக்கூடக் கொப்பிகள் எல்லாம் 2009இல் வன்னியில் ஒவ்வொரு இடப்பெயர்விலும் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போயின. கணவரும் அந்தப் பங்குனியில் ஷெல் விழுந்து போய்விட்டார். மகன் மே மாதம் வட்டுவாகல் பாலத்துக்கு வரும் வழியில் சனக் கூட்டத்துக்குள் பிரிந்தவன்தான். இன்றுவரை ஒரு தகவலும் இல்லை.

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் நான் பிறந்த லயத்துக் காம்பராவுக்கே திரும்பி வந்தேன். அம்மா அழுது முடித்த பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியை இழுத்து என் முன்னால் வைத்தார்.

"இந்தா, ஒம் மவன் சாமான். அவென் வந்து கேட்டா என்னா சொல்றது? அதான் ஒருத்தரையும் தொட விடல."

திறந்து பார்த்தேன். சாம்பல் நிற டீவி கேம் மெசின் ஒன்று, அதன் இரண்டு கைபிடிகள், ஒரு விளையாட்டுத் துப்பாக்கி, 31 கேம் கசட்டுகள். என் மகனுடைய பொருட்களில் இந்த உலகத்தில் மிச்சமிருப்பது இவ்வளவுதான்.

அந்தப் பெட்டியை நான் எப்படிப் பாதுகாத்தேன், அதில் என்ன தவறு செய்தேன், இப்போது எப்படி வைத்திருக்கிறேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டில் இருப்பது வேறு பொருளாக இருக்கலாம். ஆனால் உதவும் என்று நினைக்கிறேன்.

பெட்டி வந்த கதை

1983 ஆடிக் கலவரத்தில் பதுளை நகரிலும் தமிழருடைய கடைகளும் வீடுகளும் எரிந்தன. அதற்குப் பிறகு மலையகத்திலிருந்து வன்னிக்குப் போன குடும்பங்களில் என் மாமா குடும்பமும் ஒன்று. மாமா மகனைக் கட்டி நானும் கிளிநொச்சிக்குப் போனேன். 1996இல் கிளிநொச்சியிலிருந்து எல்லாரும் இடம்பெயர்ந்த பிறகு, படிப்புக் கெடக் கூடாது என்று மகனை இங்கே அம்மாவிடம் அனுப்பினோம். அப்போது அவனுக்கு ஆறு வயது.

கொழும்பில் கடையில் வேலை செய்த என் தம்பி 1999 தீபாவளிக்கு வந்தபோது மருமகனுக்கு இந்த டீவி கேமை வாங்கி வந்தான். பிறகு ஒவ்வொரு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் இரண்டு மூன்று கசட்டுகள் சேர்ந்தன. சில லயத்துப் பையன்களோடு மாற்றிக்கொண்டவை. 2002இல் சமாதான ஒப்பந்தம் வந்து பாதை திறந்ததும் அடுத்த வருடம் மகனை எங்களிடம் அழைத்துக்கொண்டோம். நாங்கள் இருந்த இடத்தில் மின்சாரம் இல்லை. "அம்மாயி, பத்திரமா வச்சிருங்க, லீவுக்கு வாறேன்" என்று சொல்லிப் பெட்டியை இங்கேயே வைத்துவிட்டு வந்தான்.

இந்தக் கசட்டுகளின் மூலம் எது என்று பின்னர்தான் தெரிந்துகொண்டேன். ஜப்பானின் நின்டெண்டோ கம்பனி 'பமிகொம்' என்ற விளையாட்டு மெசினை வெளியிட்டது 1983 ஜூலை 15ஆம் திகதி. நம்மால் மறக்க முடியாத அதே ஜூலை மாதம்! அந்த மெசின் உலகம் முழுவதும் 6 கோடிக்கு மேல் விற்றது. அதைப் பார்த்துச் செய்த மலிவான பிரதிகள்தான் எங்கள் பக்கம் வந்த டீவி கேம்கள். கசட் மேல் 'ஆயிரம் விளையாட்டு' என்று எழுதியிருக்கும். போட்டுப் பார்த்தால் அதே நாலைந்து விளையாட்டு பெயரை மாற்றி மாற்றி வரும். மாரியோ, டாங்க், பொம்பர்மேன், கொன்ட்ரா என்று அந்த வயதுப் பிள்ளைகளைக் கேட்டால் இன்றும் சொல்வார்கள்.

பூட்டி வைத்ததால் வந்த கேடு

அம்மா பாசத்தால்தான் பூட்டி வைத்தார். ஆனால் ஏழு வருடம் பூட்டிய பெட்டிக்குள் என்ன நடந்திருந்தது?

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் எங்கள் பக்கம் அடைமழை. லயத்துச் சுவர் வேர்த்து ஒழுகும். கசட்டுகளை அம்மா பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி, றப்பர் வளையம் போட்டு, பூச்சி உருண்டையும் போட்டு வைத்திருந்தார். பொலித்தீனுக்குள் ஈரம் அடைபட்டுக் கசட்டின் செப்புப் பற்கள் பச்சை பூத்திருந்தன. றப்பர் உருகி ஒட்டியிருந்தது. பெட்டியின் அடிப்பக்கத்தைக் கறையான் தொட்டிருந்தது. 31இல் 14 மட்டும்தான் வேலை செய்தன.

பதுளை நகரில் டீவி திருத்தும் அண்ணன் ஒருவரிடம் கொண்டு போனேன். நான் ஒரு கசட்டை எடுத்து வாயால் ஊதினேன். பிள்ளைகள் எல்லாம் அப்படித்தானே செய்வார்கள்! அவர் தடுத்துவிட்டார். "அக்கா, ஊதாதீங்க. ஒங்க வாயில இருக்கிற ஈரம்தான் உள்ள போகும். கழட்டித் திரும்பப் போடுறதாலதான் அது வேல செய்யுது, ஊதுறதால இல்ல" என்றார்.

அவர் காட்டித் தந்த முறை சுலபமானது. காது துடைக்கும் பஞ்சுக் குச்சியில் ஐசோபுரொப்பில் அல்ககோலை ஒரு துளி மட்டும் தொட்டு, கசட்டின் வாய்க்குள் தெரியும் பற்களை மேலிருந்து கீழாக மெதுவாகத் துடைக்க வேண்டும். தண்ணீர் கலப்புக் குறைந்ததாக இருப்பது நல்லது. குச்சி கறுப்பாக வந்தால் மாற்றிக்கொண்டு, வெள்ளையாக வரும்வரை துடைக்க வேண்டும். நன்றாகக் காய்ந்த பிறகுதான் மெசினில் போட வேண்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது. பற்களின் மேல்பூச்சு போய்விடும். அடுப்பு, விளக்குப் பக்கத்தில் இதைச் செய்யவே கூடாது. அந்தத் திரவம் சட்டென்று தீப்பிடிக்கும்.

இப்படித் துடைத்ததில் இன்னும் 11 கசட்டுகள் உயிர் பெற்றன. ஆறு போனது போனதுதான்.

நான் செய்த தவறு

ஒவ்வொரு கசட்டின் பின்பக்கத்திலும் மகன் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர் துண்டு ஒன்றை ஒட்டி, அதில் பேனையால் எழுதி வைத்திருந்தான். '1. நல்லது.' '7. பாதியில நிக்கும்.' '12. மாமா வாங்கினது.' அவனுடைய கையெழுத்து வேறு எங்கும் என்னிடம் இல்லை.

பற்கள் பளிச்சென்று வந்த சந்தோஷத்தில், வெளிப்பக்கமும் அழுக்காக இருக்கிறதே என்று அதே பஞ்சால் ஒரு கசட்டின் பின்பக்கத்தையும் துடைத்துவிட்டேன். நீலமாகக் கரைந்து பஞ்சில் வந்தது. நான் நிறுத்துவதற்குள் இரண்டு எழுத்துகள்தான் மிஞ்சின. அது எத்தனையாம் நம்பர் கசட் என்பதுகூட இப்போது தெரியாது. அன்றிரவு நான் சாப்பிடவில்லை. மெசினில் போட்டால் அந்தக் கசட் நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் எனக்கு வேண்டியிருந்தது அந்த எழுத்து.

அன்று விளங்கிக்கொண்டேன். ஒரு பொருளைத் துடைப்பதற்கு முன் அதில் நமக்கு எது பெறுமதி என்று யோசிக்க வேண்டும். சில இடங்களில் அந்த அழுக்குத்தான் நம்முடைய ஆள்.

அதற்குப் பிறகு முதல் வேலையாக ஒவ்வொரு கசட்டையும் முன்னும் பின்னும் மகளின் தொலைபேசியில் படம் எடுத்தோம். ஒரு கொப்பியில் நம்பர், விளையாட்டின் பெயர், மகன் எழுதியது, எங்கிருந்து வந்தது, வேலை செய்கிறதா என்று ஐந்து கோடு போட்டு எழுதினோம். துடைக்கும் வேலை அதற்குப் பிறகுதான்.

வெளியில் எடுத்து வைத்தேன்

மறுபடியும் கட்டிலுக்கு அடியில் தள்ள எனக்கு மனமில்லை. எங்கள் லயத்தில் பழைய தேயிலைப் பெட்டிப் பலகைகள் கிடந்தன. அதில் பக்கத்து வீட்டுத் தம்பி இரண்டு தட்டு வைத்த ஒரு சிறிய அலுமாரி அடித்துத் தந்தார். முன்பக்கம் கண்ணாடி. அதை வைத்த விதத்தைச் சொல்கிறேன்.

வெளிச்சுவரில் மழை அடிக்கும். அதனால் காம்பராக்களுக்கு இடையிலுள்ள உட்சுவரில் வைத்தோம். அங்கும் சுவரோடு ஒட்டாமல் இரண்டு விரல் இடைவெளி விட்டோம். அடுப்புப் புகை வராத பக்கம். யன்னல் வெயில் நேரே படாத இடம். வெயில் பட்டால் இந்தப் பிளாஸ்டிக் மஞ்சளாகிவிடும், படம் ஒட்டிய தாளும் வெளிறிப்போகும்.

கசட்டுகளைப் புத்தகம் போல நிறுத்தி வைத்திருக்கிறேன். வாய்ப்பக்கம் கீழே இருந்தால் தூசி விழாது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் கீழே உள்ளதன் ஒட்டுத்தாள் உரசிப் போகும். மகன் எழுதிய பக்கம் கண்ணாடிக்கு முகம் காட்டும்படி ஒரு ஐந்தை மட்டும் திருப்பி வைப்பேன். மாதம் ஒருமுறை அந்த ஐந்தை மாற்றுவேன்.

ஈரத்துக்குச் சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா பொட்டலங்களைச் சேர்த்து ஒவ்வொரு தட்டிலும் போட்டிருக்கிறேன். அரிசி போட வேண்டாம், எலியும் வண்டும் வரும். பூச்சி உருண்டை பிளாஸ்டிக்குக்கு ஆகாது. ஆடி, ஆவணியில் கச்சான் காற்று வீசும் காய்ந்த நாட்களில் எல்லாவற்றையும் வெளியே எடுத்து நிழலில் ஒரு நாள் வைத்து, துணியால் துடைத்துத் திரும்ப அடுக்குவேன்.

அந்த விளையாட்டுத் துப்பாக்கியை மட்டும் அலுமாரியில் வைக்கவில்லை. வாத்துச் சுடும் விளையாட்டுக்கு வந்தது அது. பழைய குழாய் டீவியில்தான் வேலை செய்யும், இப்போதைய தட்டை டீவியில் செய்யாது. ஆனாலும் வைக்காததற்குக் காரணம் அதுவல்ல. பார்க்க எனக்கு முடியவில்லை. எறியவும் முடியவில்லை. துணியில் சுற்றித் தனியாக வைத்து, கொப்பியில் அதையும் எழுதியிருக்கிறேன்.

விலை கேட்டு வந்தவர்

ஒருமுறை பழைய கேம் சாமான் சேர்க்கும் ஒருவர் கொழும்பிலிருந்து கேள்விப்பட்டு வந்தார். மரியாதையாகப் பேசினார். பெரும்பாலானவை பிரதிகள் என்பதால் பெரிய விலை போகாது என்றும், மெசினோடு சேர்த்து ஒரு தொகை தரலாம் என்றும் சொன்னார். கொழுந்து எடுத்துப் பிழைக்கும் எனக்கு அதுவும் பெரிய காசுதான். பிறகு ஒரு வார்த்தை சொன்னார். "பின்னால இருக்கிற கிறுக்கல்களை அழிச்சு வச்சீங்கன்னா இன்னும் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம்."

தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

இதையெல்லாம் யார் காட்சிக்கு வைப்பார்கள் என்று சிலர் சிரித்தார்கள். அமெரிக்காவில் ரொச்செஸ்டர் என்ற நகரில் விளையாட்டுப் பொருட்களுக்கென்றே ஒரு பெரிய அருங்காட்சியகம் இருக்கிறது. 2015இல் அங்கே தொடங்கிய வீடியோ கேம் பெருமைப் பட்டியலில் முதல் வருடமே மாரியோவைச் சேர்த்தார்கள். ஜெர்மனியின் பெர்லினில் 1997இலேயே கணினி விளையாட்டு அருங்காட்சியகம் வந்துவிட்டது. அவ்வளவு தூரம் ஏன்? கம்பளைக்கு அருகில் பழைய பீகொக் தோட்டத்தில் ஒரு பழைய லயத்தையே 2007இல் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக ஆக்கினார்கள். நம் பாட்டிமார் புழங்கிய சாமான்கள்தான் அங்கே காட்சிப் பொருள்.

மாலை போடவில்லை

வீட்டுக்கு வருபவர்கள் அலுமாரியைப் பார்த்துவிட்டு, மேலே ஒரு விளக்கு வைக்கலாமே என்பார்கள். நான் வைக்கவில்லை. என் மகன் இறந்துவிட்டான் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. விளையாட்டுச் சாமான் விளையாட்டுச் சாமானாகவே இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மகளின் பிள்ளையும் லயத்துப் பிள்ளைகளும் வருவார்கள். கை கழுவிவிட்டு ஒரு கசட்டை எடுத்துப் போடலாம். விளையாடி முடித்து அதே நம்பரில் திரும்ப வைக்க வேண்டும். "7 பாதியில நிக்கும், மாமா எழுதியிருக்காரு" என்று பேரன் மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறான். மாமாவை அவன் கண்டதில்லை.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியாபெத்தையில் மண் சரிந்து லயங்கள் அப்படியே புதைந்தன. அதன்பின் ஒன்று செய்தோம். கொப்பியையும் எழுத்துத் தெளிவாக உள்ள மூன்று கசட்டுகளையும் ஒரு சிறிய பையில் போட்டு, அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ்களோடு கதவோரம் தொங்கவிட்டிருக்கிறோம். எச்சரிக்கை வந்தால் அந்தப் பையோடு வெளியேறலாம். படங்களின் பிரதி ஒன்று கொழும்பில் தம்பியிடம் இருக்கிறது.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் ஒரு சட்டையோ, சைக்கிள் மணியோ, பாட்டுக் கசட்டோ, ஒரு கொப்பியோ பெட்டிக்குள் இருக்கலாம். மழைக்காலம் வருமுன் ஒருநாள் அதைத் திறந்து பாருங்கள். முதலில் படம் எடுங்கள். யாருடையது, எப்போது வந்தது என்று எழுதுங்கள். துடைக்க அவசரப்படாதீர்கள். பிறகு பிள்ளைகள் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். தனியாகத் திறக்கப் பயமாக இருந்தால் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். நான் அம்மாவைப் பக்கத்தில் இருத்திக்கொண்டுதான் திறந்தேன்.