உலகின் இருப்பை அளந்த அம்மையார்

ஒரு நாட்டின் செல்வத்தை அளத்தற்குக் கோல்கள் பல உள. விளைந்த தானியத்தையும், ஏற்றுமதியான சரக்கையும், புழங்கிய பணத்தையும் கணக்கிட்டு ஆண்டுதோறும் தொகை கூறுவர் பொருளியலார். ஆயின், அச்செல்வத்தை ஈன்ற நிலமும் நீரும் காடும் அவ்வாண்டில் எவ்வளவு தேய்ந்தன என்னும் வினாவிற்கு அத்தொகையில் விடை இல்லை. வெட்டி விற்ற மரம் வருவாயென எழுதப்படும். மரமிழந்த மலை இழப்பென எழுதப்படுவதில்லை. இக்குறையை உணர்ந்து, மனித முயற்சியும் இயற்கையும் ஒன்றோடொன்று பிணைந்து இயங்குமாற்றை அளந்தறிதற்குத் தம் வாழ்நாளைச் செலவிட்ட அறிஞருள் டொனெல்லா மெடோஸ் அம்மையார் முன்வரிசையில் வைத்தெண்ணத் தக்கவர்.

அம்மையார் 1941 ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாட்டின் இலினோய் மாநிலத்து எல்ஜின் என்னும் ஊரிற் பிறந்தார். கார்ள்ரன் கல்லூரியில் இரசாயனம் பயின்று 1963 இற் பட்டம் பெற்றார். 1968 இல் ஹாவாட் பல்கலைக்கழகம் உயிர்ப்பௌதிகவியலிற் கலாநிதிப் பட்டம் வழங்கிற்று. அதன்பின் அவரும் கணவர் டென்னிஸ் மெடோசும் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டு, ஆசியாவினூடாக இலங்கை வரை வந்து மீளும் ஓராண்டுப் பயணத்தை மேற்கொண்டனர். மீண்ட பின் அவர் சேர்ந்தது மசாச்சூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்திற் பேராசிரியர் ஜே பொறெஸ்ரரின் ஆராய்ச்சிக் குழுவாகும். காலப்போக்கில் மாறிச் செல்லும் சிக்கலான அமைப்புக்களைக் கணிப்பொறியின் துணையால் ஆராயும் இயக்கவியல் என்னும் துறைக்கு வித்திட்டவர் இப்பேராசிரியரே.

இத்துறையின் அடிப்படையை ஒரு குளத்தைக் கொண்டு எளிதில் விளங்கிக்கொள்ளலாம். வாய்க்கால் வழி வருவது வரத்து. மதகு வழிச் செல்வது செலவு. குளத்தில் நிற்பது இருப்பு. வரத்தினும் செலவு மிகுமாயின் குளம் வற்றுதல் திண்ணம். ஆயினும் அது உடனே வற்றுவதில்லை. இருப்பு உள்ளவரை வயல்கள் பசுமையாகவே தோன்றும்; உழவனும் குறையொன்றும் காணான். குறை வெளிப்படும் வேளையில் மதகை அடைத்தாலும் பயிரைக் காத்தல் அரிதாகிவிடும். காரணத்திற்கும் காரியத்திற்கும் இடையிலுள்ள இத்தாமதமே மக்களை ஏமாற்றுவது. இதனோடு, தன்னைத் தானே பெருக்கும் வளர்ச்சியையும் சேர்த்தெண்ணுதல் வேண்டும். ஆண்டிற்கு நூற்றுக்கு 2 வீதம் வளரும் பொருள் ஏறக்குறைய 35 ஆண்டுகளில் இருமடங்காகும். 70 ஆண்டுகளில் நான்மடங்காகும். 105 ஆண்டுகளில் எண்மடங்காகும். சிறு வீதமெனத் தோன்றுவது பேரளவாய் முடிதல் இவ்வாறே.

றோம் கழகம் என்னும் அறிஞர் குழாம் கேட்டுக்கொண்டபடி, டென்னிஸ் மெடோஸ் தலைமையில் இயங்கிய குழுவினர் உலகம் முழுவதையும் ஓர் அமைப்பாகக் கொண்டு கணித மாதிரி ஒன்றை உருவாக்கினர். சனத்தொகை, உணவு உற்பத்தி, கைத்தொழில், சூழல் மாசு, புதுப்பிக்கவியலாத வளங்கள் என்னும் ஐந்தும் ஒன்றையொன்று தாக்குமாறு அதன்கண் அமைக்கப்பட்டன. அதன் முடிபுகளை யாவரும் படித்துணரும் நடையில் எழுதும் பொறுப்பில் அம்மையாரே முதன்மை வகித்தார். 'வளர்ச்சியின் எல்லைகள்' என்னும் பொருளுடைய அந்நூல் 1972 இல் வெளிவந்தது. அக்காலத்து வளர்ச்சிப் போக்கு மாறாது தொடருமாயின் நூறாண்டிற்குள் உலகு தன் எல்லையை எட்டும் என்பது அதன் முதல் முடிபு. அப்போக்கை மாற்றிச் சமநிலை காணுதல் இயலும் என்பது இரண்டாவது. அம்முயற்சியை எத்துணை விரைவில் தொடங்குகின்றனரோ அத்துணை வெற்றி வாய்ப்புண்டு என்பது மூன்றாவது. முதன் முடிபை மட்டும் எடுத்துக்கொண்டு அதனை அழிவின் ஆரூடமெனக் கூறுவோர் ஏனை இரண்டையும் படியாதோரேயாவர்.

நூலுக்கு எதிர்ப்பும் வலுவாக எழுந்தது. பொருள் அருகுங்காலை விலை ஏறும், விலை ஏறின் மாற்றுப்பொருள் தேடப்படும், தொழினுட்பமும் வளரும். இவற்றை மாதிரி போதிய அளவு கணக்கிற் கொள்ளவில்லை எனப் பொருளியலார் மறுத்தனர். 1973 இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக அறிஞரும் விரிவான கண்டனம் எழுதினர். இம்மறுப்பு முற்றிலும் புறக்கணிக்கத் தக்கதன்று. எனினும், வளங்களை இருமடங்காக்கியும் தொழினுட்பத்தைக் கூட்டியும் இயக்கிய மாதிரிகள் அந்நூலிலேயே உள்ளன. வளம் மிகின் மாசு மிகுந்து வேறோர் எல்லையை முன்னே கொணர்ந்தது. 2021 இல் கயா ஹெரிங்ரன் வெளியிட்ட ஒப்பாய்வும் ஈண்டுக் கருதத்தக்கது. உண்மைத் தரவுகளோடு பெரிதும் இயைந்த இருவகை மாதிரிகளும் வளர்ச்சி நின்றுபோவதைக் காட்டின என்றும், பின் வருவது பெருவீழ்ச்சியா, மென்மையான இறக்கமா என்பதில் வேறுபட்டன என்றும் அவ்வாய்வு கூறிற்று.

1972 முதல் அம்மையார் நியூ ஹம்ப்சயரிலுள்ள டாட்மத் கல்லூரியிற் கற்பித்தார். 1982 இல் கணவரோடு சேர்ந்து, ஹங்கேரி நாட்டுப் பலற்றன் ஏரிக்கரையில் ஆண்டுதோறும் கூடும் பன்னாட்டு ஆராய்ச்சியாளர் குழுவை நிறுவினார். பனிப்போர் நிலவிய காலத்திற் கிழக்கையும் மேற்கையும் சேர்ந்த அறிஞர் ஒருங்கிருந்து ஆராய்ந்த இடம் அது. அக்குழுவிற்காக 1998 இல் அவர் எழுதிய அறிக்கை, நிலைபேறான வாழ்வை எவ்வாறு அளப்பது என்பதைத் தெளிவுறுத்துவது. பொருளியலறிஞர் ஹேமன் டேலியின் கருத்தைத் தழுவி, அளவைகளை அவர் படிநிலையில் அடுக்கினார். அடித்தளத்தில் இருப்பது இயற்கை. அதன்மேற் கருவிகளும் கட்டடங்களும் மனித உழைப்பும். அதன்மேற் கல்வி, உடல்நலம், சமூக உறவு என்பன. உச்சியில் இருப்பது நல்வாழ்வு. பணத்தொகை நடுப்படியை மட்டுமே அளக்கும். அடித்தளம் தேய்கின்றதா, உச்சி எய்தப்பட்டதா என்னும் இரண்டையும் அளவாத நாடு, இருப்பை நோக்காது மதகைத் திறந்துவிட்ட உழவனை ஒக்கும்.

அளவையின் ஆற்றலை விளக்க அவர் எடுத்துக்காட்டும் செய்தி ஒன்றுண்டு. நெதர்லாந்தில் ஒரேவகையாகக் கட்டப்பட்ட வீடுகள் சிலவற்றில் மின்மானி நிலவறையிலும், ஏனையவற்றில் வாயிற் கூடத்திலும் பொருத்தப்பட்டிருந்தன. வாயிலில் மானியுள்ள வீட்டார் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு மின்சாரத்தைக் குறைவாகவே செலவிட்டனர். சட்டமோ தண்டமோ இன்றி, செலவு கண்ணிற் பட்டமையே அவர்தம் ஒழுக்கத்தை மாற்றிற்று.

அம்மையார் 1983 இல் நிரந்தரப் பேராசிரியப் பதவியைத் துறந்து எழுத்துப்பணியில் மிகுதியும் ஈடுபட்டார். வாரந்தோறும் பத்திரிகைகளிற் கட்டுரை எழுதினார். ஒரு பண்ணையில் வாழ்ந்து உழவும் செய்தார். 2001 பெப்புருவரி 20 இல், 59 ஆம் வயதில், மூளைக்காய்ச்சலாற் காலமானார். அவர் விட்டுச்சென்ற கையெழுத்துப்படி, அமைப்புக்களைச் சிந்திக்கும் முறைபற்றிய நூலாக 2008 இல் வெளிவந்தது.

எதனை மதிக்கின்றனரோ அதனை மாந்தர் அளப்பர். எதனை அளக்கின்றனரோ அதனையே நாளடைவில் மதிப்பர் என்பது அம்மையாரின் துணிபு. ஆதலின், எதனை அளப்பது எனத் தெரிதல் கணக்கரின் தொழில் மட்டுமன்று. வருந்தலைமுறைக்கு எதனை விட்டுச்செல்வது என்பதைத் தீர்மானிக்கும் அறச்செயலுமாகும்.