பிள்ளையையும் தூக்கிட்டு வாங்க

தோட்டத்தில் ஒரு வீட்டில் குறையோடு பிள்ளை பிறந்துவிட்டால், டாக்டர் வாய் திறக்கும் முன்னே லயத்தில் காரணம் தயாராகிவிடும். "கிரகணத்தன்னிக்கு வெளிய போயிருப்பா", "போன ஜென்மத்துப் பாவம்". பெற்றவள் இதையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டுதான் விடியற்காலையில் பெரட்டுக்குப் போகிறாள்.

மூளை வாதத்தையே எடுத்துக்கொள்வோம். பிள்ளை வயிற்றில் இருக்கும்போதோ, பிரசவ நேரத்திலோ, பிறந்த கொஞ்ச காலத்திலோ மூளையில் ஏற்படும் பாதிப்பு இது. குறைமாதப் பிறப்பு, கர்ப்பத்தில் தாய்க்கு வரும் சில தொற்றுநோய்கள், பிறந்த குழந்தைக்கு அளவுமீறி ஏறும் மஞ்சள் காமாலை, மூளைக் காய்ச்சல் என்று காரணங்கள் பல. சில பிள்ளைகளுக்குக் காரணமே தெரிவதில்லை. கிரகணம் அந்தப் பட்டியலில் இல்லை. மூளை தசைக்கு அனுப்பும் கட்டளை தடுமாறுவதால் கைகால் விறைக்கும், கழுத்து நிற்காது, எச்சில் வடியும், பேச்சு குழறும். தொட்டால் ஒட்டிக்கொள்ளும் நோயல்ல.

பேச்சு வராத பிள்ளைக்குப் புத்தியும் இல்லை என்று நினைப்பவர்கள் அதிகம். அது தப்பு. இவர்களில் பலருக்கு நாம் பேசுவது நன்றாகப் புரியும். "இது எதுக்குப் பொழைச்சுக் கெடக்கு" என்று தலைமாட்டில் நின்று சொல்கிறோமே, அதுவும் புரியும்.

நம் ஜனங்களுக்கு இரக்கம் உண்டு, மறுக்கவில்லை. "ஐயோ பாவம்" என்று இருபது வெள்ளி கையில் வைப்பார்கள். ஆனால் கல்யாணப் பத்திரிகை கொடுக்கும்போது, "நீங்க மட்டும் வந்துட்டுப் போங்க" என்பார்கள். ரெண்டு தடவை இப்படிக் கேட்ட தாய் மூன்றாவது தடவை வரமாட்டாள். பிறகு திருவிழாவுக்கும் வரமாட்டாள். தம்பியைப் பார்த்துக்கொள்ள அக்காளின் படிப்பு நிற்கும்; அவளைப் பெண் கேட்டு வருகிறவர்களும் வாசலோடு திரும்புவார்கள். குறை ஒரு பிள்ளைக்கு, தண்டனை முழுக் குடும்பத்துக்கும்!

"அக்கா, புள்ளையையும் தூக்கிட்டு வாங்க" என்று கூப்பிடுங்கள். வந்தால் ஓரத்தில் ஒதுக்காமல் பந்தியிலேயே இடம் போடுங்கள். அந்தத் தாய் குளிக்க, கடைக்குப் போக, ஒரு மணி நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஊட்டும்போது படுக்க வைத்து ஊட்டாதீர்கள். நிமிர்த்தி உட்கார வைத்து, தலை பின்னால் சாயாமல் தாங்கி, ஒரு வாய் விழுங்கியபின் அடுத்த வாய் கொடுங்கள். புரை ஏறினால் நிறுத்திவிடுங்கள். உங்கள் பிள்ளை "அவன் ஏம்மா அப்படி இருக்கான்?" என்று கேட்டால் வாயை அடைக்க வேண்டாம். "அவனுக்குக் காலு சொன்னபடி கேக்காது, நீ போய் அவனோட வெளையாடு" என்று சொன்னால் போதும். பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்கு இது சீக்கிரம் வந்துவிடும்.

சிகிச்சை நாளில் தாய்க்கு லீவு கிடைக்காவிட்டால் கிளைச் செயலாளர் நிர்வாகத்திடம் பேச வேண்டும். இதுவும் சங்க வேலைதான்.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. உடற்பேறு குறைந்தோர் சட்டம் 2008-இல் வந்தது. சிறப்புத் தேவையுள்ள பிள்ளையைப் பள்ளி திருப்பி அனுப்பக்கூடாது என்ற கொள்கை 2019 முதல் நடப்பில் உள்ளது. பி.டி.கே. என்னும் சமூக மறுவாழ்வு நிலையம் 1984-இல் திரெங்கானு, பத்து ராக்கிட்டில் தொடங்கியது. இன்று நாடெங்கும் 500-க்கு மேல் இருக்கின்றன. "கார்டு எடுத்தா ஊருக்கே தெரிஞ்சிடும்" என்று சிலர் ஓ.கே.யூ. பதிவையே தள்ளிப்போடுகிறார்கள். ஊருக்கு ஏற்கெனவே தெரியும். பதிவுக்குக் கட்டணம் கிடையாது. முதலில் அரசாங்க மருத்துவமனையிலோ கிளினிக்கிலோ டாக்டரின் சான்று வாங்குங்கள். பிறகு பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தோடு மாவட்டச் சமூகநல இலாகாவுக்குப் போங்கள். பாரம் நிரப்பத் தெரியாதவர்களுக்கு நிரப்பித் தர, படித்த பிள்ளைகள் ஒவ்வொரு லயத்திலும் இருக்கிறார்கள்.