பைப்பர் கப் விமானத்தின் கால்கள்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், லாக் ஹேவன் என்ற சிற்றூரில் 1947 வரை தயாரான பைப்பர் ஜே-3 கப், இருவர் அமரக்கூடிய மஞ்சள் நிறக் குட்டி விமானம். ஏறத்தாழ 20,000 கப் விமானங்கள் உருவாயின. பல இன்றும் பறக்கின்றன. அவற்றைப் புதுப்பிப்பவர்கள் அதிகக் கவலையோடு பார்க்க வேண்டிய இடம், என்னைக் கேட்டால், எஞ்சின் அல்ல, கால்கள்தான்.

ஆளோடும் எரிபொருளோடும் சேர்த்து சுமார் 550 கிலோ எடையுள்ள இந்த விமானம் தரையைத் தொடும்போது ஏற்படும் அதிர்ச்சியைத் தாங்குவது வெறும் ரப்பர். சுருள்வில்லும் இல்லை, எண்ணெய் நிரப்பிய ஷாக் அப்சார்பரும் இல்லை. உடலின் அடியில் கீல் வைத்து மாட்டிய இரண்டு எஃகுக் குழாய்க் கால்கள், எடை இறங்கியதும் வெளிப்பக்கமாக விரியப் பார்க்கும். நடுவிலிருந்து அவற்றை இழுத்துப் பிடிப்பவை துணி உறை போர்த்திய ரப்பர் வளையங்கள். பெட்ரோலும் எண்ணெயும் பட்டால் ரப்பர் கெடும். சும்மா இருந்தாலும் வயதாகித் தளரும். அதனால் உறையிலேயே வண்ண நூல் கோத்திருப்பார்கள். ஒரு நிறம் தயாரான ஆண்டைச் சொல்லும், இன்னொன்று காலாண்டைச் சொல்லும். ஆண்டின் நிறங்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை திரும்ப வருவதால், நிறத்தை மட்டும் பார்த்துப் பழையதைப் புதியதென்று நினைத்துவிடக் கூடாது.

ரப்பரை மாற்றிவிடலாம். குழாய்தான் ஏமாற்றும். நுண்ணிய துளை வழியே புகுந்த ஈரம் காலின் கீழ்முனையில், ஆக்சில் பற்றவைத்த இடத்துக்கு அருகே தேங்கி, உள்ளிருந்தே அரிக்கும். மேலே பெயிண்ட் பளபளவென்றிருக்கும். ஆகவே முதல் வேலை பெயிண்டை முழுக்க உரித்து, கூர்முனையால் அழுத்திச் சோதிப்பது. முனை உள்ளே இறங்கினால் அந்தத் துண்டை வெட்டியெறிய வேண்டும். புதுத் துண்டை இணைக்க வெளியே போர்த்தும் குழாயின் முனைகளை மீன்வாய் வடிவில் வெட்டுவார்கள். நேராக வெட்டினால் வெல்டிங் தழும்பு குழாயைச் சுற்றி ஒரே வளையமாக விழும். சூட்டில் பலம் குன்றிய அந்த வளையத்திலேயே பிறகு முறியும். மீன்வாய் வெட்டு அந்தத் தழும்பைக் குழாயின் நீளவாக்கில் பரப்பிவிடுகிறது. பற்றவைத்து முடித்ததும் சூடான ஆளிவிதை எண்ணெயை உள்ளே ஊற்றி, குழாயை உருட்டி, மிச்சத்தை வடித்துவிட்டுத் துளையை அடைப்பார்கள். அடுத்த துருவுக்கு அதுதான் தடை.

இனி சக்கரங்களின் நேர். கப் வால்சக்கர விமானம். முன்சக்கரங்கள் கோணினால் தரையில் ஓடும்போதே சட்டென்று சுழன்றுவிடும். அளப்பதற்கு ஒவ்வொரு சக்கரத்தின் கீழும் இரண்டிரண்டு உலோகத் தகடுகள், இடையில் கிரீஸ். டயர் தரையைப் பிடிக்காமல் வழுக்கி நின்றால்தான் கால்கள் இயல்பாக விரியும், அளவும் உண்மையாக வரும்.