4,000 புள்ளிகளில் ஒரு கார்! தெரியுமா?

உங்கள் காரின் கூட்டைச் சேர்த்துப் பிடித்திருப்பது எது? ஆணியா? போல்ட்டா? பெரும்பாலும் வெறும் புள்ளிகள்தான்! ஒரு காரில் 3,000 முதல் 5,000 புள்ளிகள் வரை! அவற்றை வைக்கிறவர்தான் ஸ்பாட் வெல்டர்!

ஒரு புள்ளி வைக்க எவ்வளவு நேரம் ஆகும்? மின்சாரம் சுமார் 0.2 நொடி பாய்ந்தால் போதும்! ராடு கிடையாது, கேஸ் கிடையாது. இரண்டு தகடுகளும் தாமே உருகி ஒன்றாகிவிடும்!

பாயும் மின்சாரம் எவ்வளவு தெரியுமா? 8,000 முதல் 12,000 ஆம்பியர்! வீட்டு இஸ்திரிப் பெட்டி இழுப்பதோ வெறும் 4, 5 ஆம்பியர்! அப்படியென்றால் ஷாக் அடிக்காதா? இங்கேதான் வேடிக்கை! தகடுகளை அழுத்தி மின்சாரம் பாய்ச்சும் வெல்ட் கன்னின் முனையில் இருப்பது சில வோல்ட் மட்டுமே!

மோதிரம், வாட்ச் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத்தான் வேலைக்கு நிற்க வேண்டும். ஏன்? கன்னைச் சுற்றி அவ்வளவு பலமான காந்தப்புலம்! பேஸ்மேக்கர் வைத்தவர்கள் பக்கத்திலேயே போகக் கூடாது!

செம்பு உருகுவது 1,085 டிகிரி செல்சியஸில். இரும்புத் தகடு உருகச் சுமார் 1,500 டிகிரி வேண்டும். ஆனால் தகடு உருகுகிறது, அதை அழுத்தும் செம்பு டிப் உருகவில்லை! எப்படி? மின்சாரத்துக்குத் தடை அதிகம் இருப்பது தகடுகள் தொட்டுக்கொள்ளும் இடத்தில். சூடும் அங்கேதான்! போதாததற்கு, டிப்புக்குள் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது!

துத்தநாகம் பூசிய தகட்டில் வெல்டு வைத்தால் செம்பு டிப்பின் முகம் என்ன ஆகும்? பித்தளை! இரண்டு உலோகமும் கலந்துவிடும்! அதனால் டிப்பை அடிக்கடி சீவிவிட வேண்டும்.

சில கன்கள் 50 கிலோவுக்கும் மேல்! எப்படித் தூக்குகிறார்கள்? தூக்குவதே இல்லை! மேலே பேலன்சரில் தொங்கும் கன்னைக் கையால் இழுத்தால் போதும், கூடவே வரும்!

வெல்டு நல்லதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தகடுகளைப் பிய்த்துப் பார்ப்பார்கள்! நல்ல வெல்டு என்றால் தகடு கிழிந்து ஓட்டை விழும். புள்ளி மட்டும் அசையாது!

இந்த வெல்டிங் முறையைக் கண்டுபிடித்தவர் யார்? இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த எலிஹு தாம்சன்! மின்தடை வெல்டிங்குக்கு 1886-ல் காப்புரிமை வாங்கினார். அவர் பெயரில் மொத்தம் கிட்டத்தட்ட 700 காப்புரிமைகள்!

வெல்டிங் ரோபோக்கள் நேற்று வந்தவையா? இல்லவே இல்லை! அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தின் லார்ட்ஸ்டவுன் ஆலையில் 1970 வாக்கிலேயே யூனிமேட் ரோபோக்கள் ஸ்பாட் வைத்தன! மணிக்குச் சுமார் 100 கார்! அதாவது, 36 நொடிக்கு ஒன்று! அந்த வேகம் தாங்காமல் தொழிலாளர்கள் 1972-ல் ஸ்ட்ரைக்கே செய்தார்கள்!

ஒரே ஆள், 3 நொடிக்கு ஒரு புள்ளி என்று 4,000 புள்ளிகள் வைத்தால்? 3 மணி 20 நிமிடம் ஆகும்! அதுவும் மூச்சுவிட நிற்காமல்!

காரில் மட்டும்தானா? உங்கள் சமையலறையிலும் உண்டு! எவர்சில்வர் பாத்திரத்தின் கைப்பிடி ஒட்டிய இடத்தில் சின்னச் சின்ன வட்டங்கள் தெரிகின்றனவா? அதேதான்!

நேரில் பார்க்க ஆசையா? கார்க் கதவைத் திறந்து, சட்டத்தின் ஓரத்து ரப்பர் பீடிங்கைக் கொஞ்சம் விலக்குங்கள். வரிசையாகக் குழிகள் தெரியும். எத்தனை என்று எண்ணித்தான் பாருங்களேன்!