ஆச்சியின் மறதி

எங்கள் ஆச்சிக்கு "அறளை பெயர்ந்துவிட்டது" என்றே 1993இல் ஊரார் கூறினர். வடமராட்சியில் அச்சொல் ஏச்சாகவும் வழங்கும். 1906இல் ஜெர்மானிய மருத்துவர் அல்சைமர் விவரித்த நோயினை அன்று நாம் அறிந்திலோம். அண்மை நினைவுகள் முன்னர் அழிதலும் பழையன பிந்தி நிற்றலும் அந்நோயின் இயல்பாம்.

அப்பு மறைந்து பதினோராண்டுகள் ஆகியிருந்தன. "தம்பி, இவர் எங்கை? இன்னும் காணேல்லை" என்பார் ஆச்சி. பிழை கண்டவிடத்துச் சிவப்பு மை தேடும் புத்தி எனக்கு. "அப்பு மோசம்போய்ப் பதினொரு வருசம், ஆச்சி" எனத் திருத்தினேன். அப்பொழுதுதான் இழவு கேட்டவர்போல் மார்பிலடித்து அழுதார். மறுநாளும் வினவினார், திருத்தினேன், அழுதார். ஒரு பெண்ணை எத்தனைமுறை கைம்பெண்ணாக்குவது? நான்காம் நாள், "தோட்டத்துக்குப் போட்டார், ஆச்சி" என்றேன்.

"வெயில் ஏறமுந்தி வரட்டும்" என்று அமைதியுற்றார். பின்னர் ஈராண்டுகள் அப்பொய்யையே நாடோறும் கூறினேன்.

என் பெயரையே மறந்தவர், கோயிற் புராணபடனத்தில் ஆண்டுதோறும் கேட்ட கந்தபுராணத்தை மறந்திலர். ஒருநாள் திண்ணையிலிருந்து படிக்கையில் ஒரு சீரை மாற்றிப் படித்துவிட்டேன். "ஆரடா அவன், பிழையாய்ப் படிக்கிறான்?" என உள்ளிருந்து குரல் வந்தது, சீரையும் எடுத்துக்கொடுத்தார்.

நூலைப் பார்த்தேன். ஆச்சி சொன்னதே சரி.