தண்ணீர் வந்து சேர்ந்ததா?

வெள்ளாறு, அக்னியாறு, அம்புலியாறு, பாம்பாறு என்று புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆறுகள் உண்டு. ஆண்டின் பெரும்பகுதி அவை மணலாகவே கிடக்கும். மழை பெய்யும் சில நாட்களில் ஓடிவரும் தண்ணீரை ஒரு கண்மாயில் நிறுத்தி, மிஞ்சியதைக் கலிங்கு வழியே அடுத்த கண்மாய்க்கு அனுப்பும் ஏற்பாட்டில்தான் இங்கே வேளாண்மை நடந்தது. கண்மாய்களை ஒன்றோடொன்று கோப்பவை வரத்து வாரிகள். ஆகவே, வாரியைத் தூர்வாரும் பணியை அள்ளிய மண்ணைக் கொண்டு அளப்பது தவறு. கடைக்கோடிக் கண்மாய்க்குத் தண்ணீர் வந்ததா என்பதே கேள்வி.

கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும் வாரி பயனற்றுப் போவது எளிது. நடுவில் ஆழமாக வெட்டி, தண்ணீர் நுழையும் தலைப்பை மேடாகவே விட்டால் தண்ணீர் உள்ளே ஏறாது. வெட்டிய இடம் வெறும் குட்டையாகும். அள்ளிய மண்ணைக் கரை ஓரத்திலேயே கொட்டினால் முதல் மழை அதை மீண்டும் உள்ளே இழுத்துவிடும். கண்மாயின் உள்வாயை மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டினால், அங்கே தேங்குவது ஆடுமாடு குடிக்கவும் நிலத்தடி நீர் ஊறவும் உதவலாம். மடை வழியே வயலுக்குப் பாயாது. மேல்பகுதிக் காடுகளில் தைலமரத் தோட்டங்களுக்காக வெட்டப்பட்ட பள்ளங்களும் வரப்புகளும் நீர்வரத்தைத் தடுக்கின்றன என்பது இம்மாவட்ட விவசாயிகள் நெடுங்காலமாகச் சொல்லும் குறை. மேலே தடுத்துவிட்டுக் கீழே எவ்வளவு தூர்வாரி என்ன?

வேலை முடிந்தபின் பலன் கிடைத்ததா என்று பார்க்காத குறை நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் 37,000-க்கும் மேற்பட்ட ஆற்றுச் சீரமைப்புப் பணிகளின் பதிவுகளைத் திரட்டி 2005-இல் ஒரு ஆய்வு வெளியானது. கண்காணிப்போ மதிப்பீடோ நடந்ததற்கான குறிப்பு இருந்தது சுமார் 10 சதவீதப் பதிவுகளில்தான். பணம் கொழிக்கும் நாட்டிலேயே நிலை இதுவென்றால், வேலைக்கு முன்பே வாரியின் அகலம், தலைப்பு மட்டம், கண்மாய் நிரம்பிய நாட்கள் ஆகியவற்றைக் குறித்து வைக்காத நாம் எதை எதோடு ஒப்பிடப் போகிறோம்? மழை பொய்த்தால் வேலையைக் குறை சொல்லலாமா என்பார்கள். நியாயமான கேள்விதான். அதனால்தான் அவ்வாண்டு மழையளவையும் பக்கத்துக் கண்மாயின் நிலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வாரியின் வாட்டத்தை அளக்கவோ மழையே வேண்டியதில்லை, கோடையிலேயே அளந்துவிடலாம். இது பொறியாளர் வேலை, ஊராருக்கு என்ன தெரியும் என்பதும் சரியல்ல. 2018 கஜா புயலுக்குப் பின் இம்மாவட்டத்தின் கொத்தமங்கலம் இளைஞர்கள் சொந்த முயற்சியில் குளங்களைத் தூர்வாரினார்கள். எந்த மழைக்குத் தண்ணீர் எங்கே திரும்பும் என்பதைப் பொறியாளர் ஊராரிடம்தான் கேட்டறிய வேண்டும்.

வாரியோ கண்மாயோ ஆக்கிரமிக்கப்பட்டிருந்தால் சட்டம் மக்கள் பக்கம் நிற்கிறது, ஆனால் சரியான கதவைத் தட்ட வேண்டும். 40 ஹெக்டேரும் அதற்கு மேலும் ஆயக்கட்டு உள்ள கண்மாய்கள் நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கின்றன. முந்தையவற்றின் ஆக்கிரமிப்புக்கு 2007-ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் உண்டு. மற்ற அரசுப் புறம்போக்குக்கு 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம் பொருந்தும். இரண்டிலும் நோட்டீஸ் கொடுத்த பிறகே அகற்ற முடியும். போக்கிடமின்றி வாரியில் குடிசை போட்ட குடும்பத்துக்கு மாற்று இடம் கேட்பதும் ஊரின் கடமை. வெள்ளம் வந்தால் முதலில் மூழ்குவது அவர்கள் வீடுதான். கிராம வரைபடத்தையும் அ-பதிவேட்டையும் வைத்து வாரியின் எல்லையைக் கிராம சபையில் கேளுங்கள், தீர்மானமாகப் பதிவு செய்யுங்கள். மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மனுவாகவும் கொடுங்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு வேலையின் மதிப்பீட்டையும் அளவுப் புத்தகத்தையும் நகலாகக் கேட்கலாம்; நடக்கும் வேலையை நேரில் பார்வையிடும் உரிமையும் பிரிவு 2(j)-இல் உண்டு. பதிலுக்கு 30 நாள் அவகாசம். பொக்லைனோ சில நாட்களில் வேலையை முடித்துவிட்டுப் போய்விடும். எனவே வேலை பற்றிய பேச்சு ஊரில் எழுந்த அன்றே மனுவை எழுதிவிட வேண்டும்.